சிஸ்கோ ஏஎஸ்ஏ 5505: பின்னால் எட்டு போர்ட், முன்னால் பச்சை விளக்கு, நடுவில் லைசென்ஸ்

சிறிய அலுவலகங்களை இணையத்திலிருந்து காக்கும் ஃபயர்வால் பெட்டியான சிஸ்கோ ஏஎஸ்ஏ 5505-இன் விற்பனை 2017 ஆகஸ்ட் 25-இல் முடிந்தது. நிறுவனத்தின் ஆதரவும் 2022 ஆகஸ்ட் 31-இல் நின்றுவிட்டது. ஆனாலும் பழைய சாமான் கடைகளிலும் இணையச் சந்தையிலும் இந்தக் குட்டிப் பெட்டி கைமாறிக்கொண்டேதான் இருக்கிறது. ஃபயர்வால் பழக நினைப்பவர்களும், பழைய அலுவலகத்தின் அலமாரியிலிருந்து இதை எடுத்தவர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே வகை: விளக்கு எரிகிறது, இணையம் ஏன் வரவில்லை? ஆகவே இந்த மதிப்பீடு பெட்டியின் முகத்தையும் முதுகையும்தான் அதிகம் பேசும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கற்றுக்கொள்ள, மிகக் குறைந்த விலையில் கிடைத்தால், தாராளமாக வாங்கலாம். இணையத்துக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் நடுவில் காவலுக்கு வைக்க வேண்டாம். இதற்கான கடைசி மென்பொருள் வரிசை 9.2, இனிக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளுக்குத் திருத்தம் வராது. 2016-இல் வெளியே கசிந்த எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் முறை) ஓட்டையும், 2018 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட எஸ்எஸ்எல் விபிஎன் (வெளியிலிருந்து அலுவலகத்துக்குள் வரும் மறைகுறியாக்கிய வழி) ஓட்டையும் ஏஎஸ்ஏ மென்பொருளை எப்படி உலுக்கின என்பது இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

பெட்டி ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் அகலம், 17 சென்டிமீட்டர் ஆழம், நாலரை சென்டிமீட்டர் உயரம். விசிறி கிடையாது, சத்தமும் கிடையாது. பவர் சுவிட்சும் கிடையாது: அடாப்டரைச் செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். அந்த அடாப்டர்தான் பழைய பெட்டி வாங்குபவர் முதலில் கேட்க வேண்டியது. மற்றச் சிறு பெட்டிகளைப் போல இது 12 வோல்ட்டில் ஓடாது. 48 வோல்ட் நேர்மின்சாரம் வேண்டும். "அடாப்டர் இல்லை, பெட்டி மட்டும்" என்று மலிவாகக் கொடுத்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள். தனியாக அடாப்டர் தேடி வாங்கும்போது அந்த மலிவு கரைந்துவிடும்.

பின்பக்கம் எட்டு ஈதர்நெட் போர்ட்டுகள், 0/0 முதல் 0/7 வரை. எட்டுமே 100 எம்பிபிஎஸ். ஜிகாபிட் ஒன்றுகூட இல்லை. கூடவே கணினியிலிருந்து நேரடியாகக் கட்டளை கொடுக்க ஒரு கன்சோல் போர்ட், இரண்டு யுஎஸ்பி, பூட்டுக் கம்பி மாட்ட ஒரு துளை, ஒரு ரீசெட் பொத்தான், கூடுதல் கார்டு செருகும் ஒரு ஸ்லாட். மூன்றாவது யுஎஸ்பி முன்பக்கம் இருக்கிறது. இந்த யுஎஸ்பிகளில் பென் டிரைவைச் செருகிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். எதிர்காலப் பயன்பாட்டுக்கு என்று ஒதுக்கி வைத்தார்கள். அந்த எதிர்காலம் வரவே இல்லை. மென்பொருள் இருப்பது உள்ளே செருகியிருக்கும் 128 எம்பி காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டில்.

ரீசெட் பொத்தானும் அதே கதைதான். வீட்டு ரௌட்டர் பழக்கத்தில் குண்டூசியால் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் ஒன்றும் நடக்காது. பாஸ்வேர்ட் தெரியாத பெட்டி கையில் வந்தால் வழி கன்சோல் மட்டுமே. 9600 வேகம், 8 பிட், பேரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று டெர்மினலை அமைத்து, பெட்டி பூட் ஆகும்போது எஸ்கேப் விசையைத் தட்டினால் ராம்மான் (மென்பொருள் ஏறும் முன் ஓடும் சிறு கட்டளைத் திரை) வரும். அங்கே எப்படி பூட் ஆக வேண்டும் என்று சொல்லும் கன்ஃபிக் ரெஜிஸ்டரை 0எக்ஸ்41 என்று மாற்றி பூட் செய்தால், சேமித்து வைத்த அமைப்பைப் படிக்காமலேயே பெட்டி எழும். எனேபிள் பாஸ்வேர்ட் கேட்கும் இடத்தில் வெறும் என்டர் போதும். பழைய அமைப்பு வேண்டுமென்றால் ஸ்டார்ட்டப்பை (சேமித்த அமைப்பை) ரன்னிங்குக்கு (இப்போது ஓடும் அமைப்புக்கு) ஏற்றி, புதுப் பாஸ்வேர்ட் வைத்து, ரெஜிஸ்டரை 0எக்ஸ்1-க்குத் திருப்பி, சேமிக்க ரைட் மெமரி கொடுக்க வேண்டும். ரெஜிஸ்டரைத் திருப்ப மறப்பவர்கள் அதிகம். மறந்தால் அடுத்த முறை மின்சாரம் போய் வந்ததும் பெட்டி மறுபடி வெறுங்கையோடு எழுந்து நிற்கும், "சேவ் பண்ணினேனே" என்று நீங்கள் தலையைச் சொறிவீர்கள். பழைய உரிமையாளர் பாஸ்வேர்ட் மீட்பையே தடை செய்து வைத்திருந்தால், உள்ளே இருப்பது எல்லாவற்றையும் அழித்த பிறகுதான் ராம்மான் வழிவிடும்.

கன்சோல் போர்ட்டும் பார்வைக்கு ஈதர்நெட் போர்ட் போலவே இருக்கும். அவசரத்தில் லேன் கேபிளை அதில் செருகிவிட்டு "ஒரு விளக்கும் எரியவில்லை" என்று புலம்புவது வழக்கமான தவறு. கன்சோலுக்கு முன்பக்கத்தில் விளக்கு கிடையாது, அதற்குரிய கேபிளும் வேறு.

இப்போது முன்பக்கம். போர்ட்டுகள் முதுகில், அவற்றின் விளக்குகள் முகத்தில். கேபிளைச் செருகும் கைக்கும் விளக்கைப் பார்க்கும் கண்ணுக்கும் நடுவில் பெட்டி நிற்கிறது. மேசையில் வைத்தால் பரவாயில்லை; சுவரோரம் தள்ளி வைத்த பெட்டியில் எட்டு கேபிளை மாற்றிச் செருகிப் பார்ப்பதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். இந்தப் பெட்டியின் வடிவமைப்பில் இருக்கும் ஒரே உண்மையான எரிச்சல் இதுதான்.

ஒவ்வொரு போர்ட்டுக்கும் இரண்டு விளக்குகள். ஒன்று வேகம்: பச்சை என்றால் 100, எரியாவிட்டால் 10 எம்பிபிஎஸ். இன்னொன்று இணைப்பும் போக்குவரத்தும்: நிலையாக எரிந்தால் இணைப்பு இருக்கிறது, மினுக்கினால் தரவு ஓடுகிறது. வேக விளக்கு அணைந்திருப்பதை மட்டும் பார்த்து போர்ட் செத்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இணைப்பு விளக்கு எரிந்து வேக விளக்கு அணைந்திருந்தால், எதிர்முனை 10-இல் நிற்கிறது. பழைய பிரிண்டராக இருக்கலாம், அல்லது தூங்கப் போன கணினியின் நெட்வொர்க் கார்டாக இருக்கலாம்.

இணைப்பு விளக்கே எரியவில்லையா? கேபிளைக் குறை சொல்லும் முன் ஒன்றைப் பாருங்கள். தொழிற்சாலை அமைப்போடு வரும் பெட்டியில் எட்டு போர்ட்டுகளும் திறந்திருக்கும். யாராவது அமைப்பை முழுக்க அழித்துவிட்டு விற்றிருந்தால் எல்லாப் போர்ட்டும் ஷட்டவுன் நிலையில் இருக்கும். எந்தக் கேபிளைச் செருகினாலும் விளக்கு எரியாது. பழைய பெட்டி வாங்கிய பலர் இதைப் பார்த்து "போர்ட்டெல்லாம் போச்சு" என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கன்சோலில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் நோ ஷட்டவுன் கொடுத்தாலே உயிர் வந்துவிடும். அதைவிடச் சுலபம், கான்ஃபிகர் ஃபேக்டரி-டிஃபால்ட் கட்டளையைக் கொடுத்து ஆரம்ப நிலைக்குக் கொண்டுபோவது. அப்போது 0/0 வெளிப்பக்கமாக, டிஹெச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) வழியே முகவரி வாங்கும். 0/1 முதல் 0/7 வரை உள்பக்கமாக, 192.168.1.1 முகவரியில் நிற்கும்.

இந்த விளக்குகள் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது: டூப்ளெக்ஸ், அதாவது தரவு ஒரே நேரத்தில் இரு திசையிலும் போகிறதா (ஃபுல்), மாறி மாறிப் போகிறதா (ஹாஃப்) என்பது. அதற்கு விளக்கே கிடையாது. இணையச் சேவை நிறுவனத்தின் பெட்டி 100 ஃபுல் என்று கையால் பூட்டப்பட்டிருக்க, ஏஎஸ்ஏ ஆட்டோவில் (எதிர்முனையோடு பேசித் தானே முடிவுசெய்யும் நிலையில்) இருந்தால், ஏஎஸ்ஏ வேகத்தைச் சரியாகப் பிடித்துவிடும். டூப்ளெக்ஸை மட்டும் பிடிக்க வழியில்லாமல் ஹாஃபுக்கு இறங்கிவிடும். முன்பக்கத்தில் இரண்டு பச்சையும் ஜம்மென்று எரியும், பிங் (சிறு சோதனைப் பாக்கெட்) போகும், பெரிய கோப்பை ஏற்றினால் மட்டும் ஆமை நடை. ஷோ இன்டர்ஃபேஸ் கட்டளையில் ஏஎஸ்ஏ பக்கம் லேட் கொலிஷன் (தாமதமான மோதல்) ஏறிக்கொண்டே போகும், எதிர்ப்பக்கம் சிஆர்சி பிழை (சிதைந்து வந்த தரவு) ஏறும். இந்த இரண்டு எண்களும் ஒருசேர ஏறினால் வேறு எதையும் தேட வேண்டாம். இரு பக்கமும் ஆட்டோ, அல்லது இரு பக்கமும் ஒரே மாதிரி பூட்டு. பாதி பாதி வேலைக்கு ஆகாது. ஆட்டோவை நிறுத்தினால் கேபிளின் நேர், குறுக்கு வகையைத் தானே சரிசெய்துகொள்ளும் வசதியும் போய்விடும். அதனால் பூட்டியவுடன் விளக்கு அணைந்தால், கேபிள் வகை தவறு.

வலப்பக்கம் ஐந்து பொது விளக்குகள்: பவர், ஸ்டேட்டஸ், ஆக்டிவ், விபிஎன், எஸ்எஸ்சி.

பவர் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஸ்டேட்டஸ் பச்சையில் மினுக்கினால் சோதனை செய்து பூட் ஆகிக்கொண்டிருக்கிறது, நிலையாக எரிந்தால் தயார், ஆம்பர் என்றால் சோதனையில் ஏதோ தோற்றுவிட்டது. மினுக்கல் சில நிமிடங்கள் தாண்டியும் நிற்கவில்லையென்றால் கன்சோலை மாட்டிப் பாருங்கள். ஃபிளாஷ் கார்டில் மென்பொருளே இல்லாமல் ராம்மானில் சுற்றிக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம். விற்பவர்கள் கார்டை முழுக்கத் துடைத்துவிட்டு அனுப்புவதுண்டு. 0/0-இல் டிஎஃப்டிபி சர்வரை (கோப்பு அனுப்பும் கணினியை) இணைத்து ராம்மானிலிருந்தே ஏற்றலாம், ஆனால் மென்பொருள் கோப்பு உங்களிடம் இருக்க வேண்டுமே.

ஆக்டிவ் விளக்கு பலரை ஏமாற்றுகிறது. இரண்டு பெட்டிகளை ஜோடியாகப் போட்டால் வேலை செய்வதில் பச்சை, காத்திருப்பதில் ஆம்பர். ஜோடியே இல்லாமல் தனியாக நிற்கும் பெட்டியிலும் அது பச்சையாகத்தான் எரியும். பச்சையைப் பார்த்து ஃபெயில்ஓவர் (ஒன்று விழுந்தால் மற்றது வேலையை ஏற்பது) ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டால், உண்மையில் பெட்டி விழும் நாளில்தான் தெரியும். ஜோடி போடவே செக்யூரிட்டி பிளஸ் என்ற கூடுதல் வசதிகளுக்கான லைசென்ஸ் வேண்டும். போட்டாலும் ஏற்கெனவே ஓடும் இணைப்புகளின் நிலையை மறுபெட்டிக்கு அது கொண்டுசெல்லாது. மாறும் கணத்தில் எல்லாம் அறுந்து மறுபடி தொடங்கும்.

விபிஎன் விளக்கு டனல் (விபிஎன் இணைப்பு) எழுந்ததும் நிலையான பச்சை. டனல் ஒன்றுக்கு மேல் இருந்தால் எது எழுந்தது என்று அது சொல்லாது. எஸ்எஸ்சி விளக்கு கூடுதல் கார்டுக்கானது. அந்த ஸ்லாட்டில் போட வந்த ஊடுருவல் தடுப்புக் கார்டு பெட்டிக்கு முன்பே வழக்கொழிந்துவிட்டது. அந்த விளக்கு அணைந்திருந்தால் கவலை வேண்டாம்.

எல்லா விளக்கும் பச்சை, இணையம் மட்டும் ஒரே ஒரு கணினிக்கு வரவில்லை. இதுதான் 5505-இன் முத்திரைப் புகார். விடை முன்பக்கத்தில் எங்கும் இல்லை, லைசென்ஸில் இருக்கிறது. இந்தப் பெட்டி 10 பேர், 50 பேர், வரம்பில்லாதது என்று மூன்று வகையாக விற்கப்பட்டது. 10 பேர் லைசென்ஸில் உள்ளேயிருந்து வெளியே பேசும் 11-ஆவது கருவியைக் கதவருகே நிறுத்திவிடும். கொடுமை என்னவென்றால், அதே லைசென்ஸில் டிஹெச்சிபி 32 முகவரிகள் வரை கொடுக்கும். ஆக 11-ஆவது கணினிக்கு முகவரி கிடைக்கும், விளக்கு எரியும், உள்ளே இருக்கும் பிரிண்டரோடும் பேசும். வெளியே மட்டும் போகாது. கைப்பேசிகளும் வைஃபையில் சேரும் அலுவலகத்தில் பத்து என்பது காலை ஒன்பதரைக்கே நிறைந்துவிடும். ஷோ லோக்கல்-ஹோஸ்ட் கொடுத்தால் முதல் வரிகளிலேயே எத்தனை பேர், வரம்பு எவ்வளவு என்று வரும். லாக்கில் 450001 என்ற எண்ணுள்ள செய்தி இருந்தால் சந்தேகமே வேண்டாம். வாங்கும் முன் ஷோ வெர்ஷன் வெளியீட்டின் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். இன்சைடு ஹோஸ்ட்ஸ் என்ற வரியில் அன்லிமிடெட் என்று இருப்பதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

அதே வெளியீட்டில் இன்னும் இரண்டு வரிகள் முக்கியம். 3டிஇஎஸ்-ஏஇஎஸ் (வலுவான மறைகுறியாக்கம்) என்ற வரி டிசேபிள்டு என்றிருந்தால் பெட்டியிடம் பழைய டிஇஎஸ் மட்டுமே இருக்கும்; இன்றைய உலாவிகளும் எஸ்எஸ்ஹெச் மென்பொருள்களும் அதை ஏற்காது, கன்சோல் மட்டுமே கதி. அடுத்தது நினைவகம்: 256 எம்பியா, 512 எம்பியா என்று பாருங்கள். 8.3-க்கு மேற்பட்ட மென்பொருளை வரம்பில்லா லைசென்ஸோடு ஓட்ட 512 வேண்டும். செக்யூரிட்டி பிளஸ் இருந்தால் 20 விஎல்ஏஎன் (ஒரே பெட்டிக்குள் பிரித்த தனி நெட்வொர்க்), ட்ரங்க் (பல விஎல்ஏஎன்னை ஒரே கேபிளில் அனுப்புவது) எல்லாம் கிடைக்கும். அடிப்படையான பேஸ் லைசென்ஸில் மூன்றே விஎல்ஏஎன், ட்ரங்க் கிடையாது. மூன்றில் ஒன்று இன்னொன்றை நோக்கித் தானாகப் பேச்சைத் தொடங்க முடியாதபடி கட்டப்பட்டிருக்க வேண்டும். டிஎம்இஸட் (வெளியாருக்குத் திறந்த சர்வர்களை ஒதுக்கி வைக்கும் பகுதி) பழக அது போதும், ஆனால் அப்படிக் கட்டும் நோ ஃபார்வர்டு வரியை முதலில் எழுதாமல் மூன்றாவதற்குப் பெயர் வைக்கப் போனால் பெட்டி மறுக்கும்.

0/6, 0/7 இரண்டும் தனி ஜாதி. 802.3ஏஎஃப் முறைப்படி கேபிள் வழியே மின்சாரம் கொடுக்கும், போர்ட்டுக்கு 15.4 வாட், அதற்காகத்தான் அந்த 48 வோல்ட் அடாப்டர். ஐபி தொலைபேசி, பழைய வைஃபை அணுகுமுனை ஆகியவற்றுக்குப் போதும். 25 வாட் கேட்கும் புதிய கருவிகளுக்குப் போதாது. மடிக்கணினியைத் தவறி அதில் செருகினால் பயமில்லை. எதிர்முனையில் 25 கிலோ ஓம் அடையாளம் தெரிந்தால்தான் மின்சாரம் விடும். இங்கும் ஒரு குறை: மின்சாரம் போகிறதா என்று காட்டத் தனி விளக்கு இல்லை. தொலைபேசி எழவில்லை என்றால் ஷோ பவர் இன்லைன்தான் துணை. அந்தப் போர்ட்டை ஷட்டவுன் செய்தால் மின்சாரமும் சேர்ந்து நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். கூரையில் தொங்கும் அணுகுமுனையை ஏணி போடாமல் அணைத்து ஏற்ற அது நல்ல வசதிதான்.

எட்டு போர்ட்டும் உள்ளே ஒரு சுவிட்ச். ஒரே விஎல்ஏஎன்னில் இருக்கும் இரண்டு போர்ட்டுக்கு நடுவே போகும் தரவு அந்தச் சுவிட்சோடு முடிந்துவிடும்; ஃபயர்வால் விதி எதுவும் அதைத் தொடாது. 0/2-இல் இருக்கும் கணினியை 0/3-இல் இருக்கும் சர்வரிடமிருந்து காக்க விதி எழுதிக்கொண்டே போனால் வீண்வேலை. வேறு விஎல்ஏஎன்னுக்கு மாற்ற வேண்டும், அல்லது இரண்டு போர்ட்டையும் புரொடெக்டட் என்று குறிக்க வேண்டும். இந்தச் சுவிட்சுக்கு, வளையம் விழாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயும் தெரியாது. உள்பக்கத்தின் இரண்டு போர்ட்டுகளை ஒரே வெளிச் சுவிட்சுக்கு "வேகம் கூடட்டும்" என்று இணைத்தால் வளையம் விழும்: இணைப்பு விளக்குகள் எல்லாம் ஒரே தாளத்தில் வெறித்தனமாக மினுக்கும், நெட்வொர்க் உறைந்துபோகும். இந்தப் பெட்டியில் விளக்கைப் பார்த்தே நிச்சயமாகச் சொல்லக்கூடிய கோளாறு இது ஒன்றுதான். மருந்தும் எளிது, ஒரு கேபிளைப் பிடுங்குங்கள்.

அடுத்து வந்த 5506-எக்ஸில் எட்டும் ஜிகாபிட், ஆனால் ஆரம்பத்தில் உள்சுவிட்ச் இல்லை, மின்சாரம் தரும் போர்ட்டும் இல்லை. 5505 பழகியவர்கள் முகம் சுளித்தார்கள். போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் வசதி 9.7 மென்பொருளில்தான் வந்தது. பிறகு வந்த ஃபயர்பவர் 1010-இல் சுவிட்ச் போர்ட்டுகளும் 7, 8-இல் மின்சாரமும் திரும்பிவிட்டன. சிறிய அலுவலகத்துக்குக் காவல் தேடுபவர் பார்க்க வேண்டிய வரிசை அதுதான். 5505 புதிதாக இருந்தபோதே ஃபயர்வால் வேகம் 150 எம்பிபிஎஸ், போர்ட்டோ 100; இன்றைய 300 எம்பிபிஎஸ் ஃபைபருக்கு முன்னால் அது மூன்றில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடும்.

பழைய பெட்டி வீட்டுக்கு வந்ததும் சோதிக்க அரைமணி நேரம் போதும். கேபிள் எதுவும் மாட்டாமல் மின்சாரம் கொடுத்து, ஸ்டேட்டஸ் நிலைத்த பச்சைக்கு வருகிறதா என்று பாருங்கள். கன்சோலில் தொழிற்சாலை அமைப்புக்குக் கொண்டுபோங்கள். ஒரு மடிக்கணினியை 0/1-இல் நிறுத்தி, இன்னொன்றை 0/2 முதல் 0/7 வரை ஒவ்வொன்றாக மாற்றிச் செருகி, பெரிய பாக்கெட்டாக ஓர் ஆயிரம் பிங் விடுங்கள். பிறகு ஷோ இன்டர்ஃபேஸில் சிஆர்சி எண்ணிக்கை பூஜ்யத்தில் நிற்க வேண்டும். ஏறியிருந்தால் கேபிளை மாற்றி மறுபடி. அப்போதும் ஏறினால் அந்தப் போர்ட் தேறாது. 0/0 வெளிப்பக்கம் என்பதால் அதை வீட்டு ரௌட்டரில் மாட்டிப் பாருங்கள். இங்கே ஒரு பொறி: வீட்டு ரௌட்டரும் 192.168.1 வரிசையில் இருந்தால், ஏஎஸ்ஏவின் உள்ளும் வெளியும் ஒரே வரிசையாகி மோதும். வெளிப்பக்கம் முகவரி வாங்காது, விளக்கு மட்டும் பச்சையாக எரிந்துகொண்டிருக்கும். ஏதாவது ஒரு பக்கத்தை 192.168.10-க்கு மாற்றுங்கள். கடைசியாக 0/6, 0/7-இல் ஒரு ஐபி தொலைபேசி. எட்டில் ஒரு சாதாரணப் போர்ட் போயிருந்தால் விலை குறைத்து வாங்கிக்கொள்ளலாம். மின்சாரம் தரும் இரண்டும் போயிருந்தால் அடாப்டர் மேல் சந்தேகப்படுங்கள். இன்னொரு 48 வோல்ட் அடாப்டரில் ஓட்டிப் பார்க்காமல் பெட்டியைக் கழிக்க வேண்டாம்.